பட்ஜெட் டெஸ்க்டாப்பில் கேம் ஸ்ட்ரீமிங்: பிராசஸரா, கிராபிக்ஸ் கார்டா, புது மெஷினா?

கேம் மட்டும் ஓடும்போது ஒரு குறையும் தெரியாது. ஸ்ட்ரீமிங்கை ஆரம்பித்ததும் தகராறு தொடங்கும். நம் திரையில் எல்லாம் சரியாக இருக்கும், பார்ப்பவர்களோ "லேக் அடிக்குது" என்று சாட்டில் எழுதிக்கொண்டிருப்பார்கள். சில நேரம் தலைகீழாக, ஸ்ட்ரீம் ஒழுங்காகப் போகும், நம் கையில் கேம் விக்கி விக்கி ஓடும். அப்போதுதான் எதையாவது மாற்றியாக வேண்டும் என்று தோன்றும். பிராசஸரை மாற்றுவதா, கிராபிக்ஸ் கார்டையா, ரேம் கூட்டினால் போதுமா, இல்லை மொத்தமாகப் புதிதுக்குப் போய்விடுவதா? பட்ஜெட் கணினி வைத்திருப்பவருக்கு இதில் ஒன்றுக்குத்தான் கையில் காசு இருக்கும்.

என் முடிவை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். நான்கு கோர் பிராசஸர், 8 ஜிபி ரேம், பழைய கார்டு என்று இருக்கும் பெரும்பாலான கணினிகளில் பணம் போக வேண்டிய இடம் கிராபிக்ஸ் கார்டு. அதையும் எஃப்பிஎஸ் (நொடிக்கு எத்தனை ஃப்ரேம்) கூடும் என்பதற்காக வாங்க வேண்டாம். அதற்குள் இருக்கும் என்கோடருக்காக, அதாவது ஸ்ட்ரீமுக்கான வீடியோவைச் சுருக்கும் பகுதிக்காக, வாங்குங்கள். கார்டு வாங்குகிறவர்களில் பாதிப் பேர் அந்த என்கோடரைப் பார்ப்பதே இல்லை.

வாங்கும் முன் பார்க்க வேண்டிய எண்கள்

ஸ்ட்ரீம் செய்யப் பயன்படும் ஓபிஎஸ் ஸ்டூடியோ மென்பொருளில் 'ஸ்டேட்ஸ்' என்று ஒரு பலகம் உண்டு. அதைத் திறந்து வைத்துக்கொண்டு, வழக்கமாக ஆடும் கேமை வழக்கமான செட்டிங்கில் அரை மணி நேரம் ஸ்ட்ரீம் செய்யுங்கள். அதில் மூன்று வரிகள் முக்கியம்.

ரெண்டரிங் லேக்கால் தவறிய ஃப்ரேம்கள் என்ற வரி ஏறினால், கிராபிக்ஸ் கார்டுக்கு மூச்சு முட்டுகிறது என்று பொருள். கேம் காட்சியையும் வெப்கேமையும் எழுத்துகளையும் ஒன்றாகக் கோக்கும் வேலையை ஓபிஎஸ் கிராபிக்ஸ் கார்டிடம்தான் கொடுக்கிறது. கேம் கார்டை நூறு சதவீதம் பிடித்துக்கொண்டால் ஓபிஎஸ்ஸுக்கு முறை வராது. இதற்குக் காசு செலவழிக்கும் முன் இரண்டு காரியம் செய்து பாருங்கள். கேமின் எஃப்பிஎஸ்ஸுக்கு ஒரு உச்சவரம்பு வையுங்கள். 60 ஹெர்ட்ஸ் மானிட்டரில் 140 எஃப்பிஎஸ் ஓட விட்டு என்ன பயன்? அப்புறம், ஓபிஎஸ்ஸை அட்மினிஸ்ட்ரேட்டராகத் திறங்கள். விண்டோஸ் 10, 11 இரண்டிலும் அப்படித் திறந்தால் கார்டில் ஓபிஎஸ்ஸுக்கு முன்னுரிமை கிடைக்கும். பல பேருடைய பிரச்சினை இந்த இடத்திலேயே முடிந்துவிடும்.

என்கோடிங் லேக்கால் விடுபட்ட ஃப்ரேம்கள் என்ற வரி ஏறினால், வீடியோவைச் சுருக்கும் வேலை நேரத்துக்கு முடியவில்லை. இந்தக் கட்டுரையின் பெரும்பகுதி இதைப் பற்றித்தான்.

மூன்றாவது, நெட்வொர்க்கில் விழுந்த ஃப்ரேம்கள். இது மட்டும் ஏறுகிறது என்றால் கணினியில் எதையும் மாற்ற வேண்டாம். வைஃபையை விட்டு லேன் கேபிளுக்கு மாறுங்கள், இல்லையென்றால் பிட்ரேட்டை, அதாவது நொடிக்கு அனுப்பும் டேட்டா அளவை, குறையுங்கள். 6000 கேபிபிஎஸ்ஸில் ஸ்ட்ரீம் செய்ய நினைப்பவருக்கு அப்லோடு வேகம் நிலையாக 8 முதல் 10 எம்பிபிஎஸ்ஸாவது வேண்டும். ஸ்பீடு டெஸ்ட்டில் ஒரு நொடி எட்டிப் பார்க்கும் 10 கணக்கில் வராது.

மூன்றும் பூஜ்யத்தில் நிற்கிறது, ஆனாலும் கேம் விக்குகிறது என்றால், பிராசஸரோ ரேமோதான் காரணம். அதைப் பற்றிப் பிறகு சொல்கிறேன்.

சுருக்கும் வேலையை யார் செய்வது

ஓபிஎஸ்ஸில் எக்ஸ்264 என்று தேர்ந்தெடுத்தால் வீடியோவைச் சுருக்குவது பிராசஸர். கேமின் கணக்குகளையும் அதே பிராசஸர்தான் போட்டுக்கொண்டிருக்கிறது. ஒரு கையால் வண்டி ஓட்டிக்கொண்டே மறுகையால் பரீட்சை எழுதுவது மாதிரி. எட்டு கோர் இருந்தால் சமாளிக்கலாம், நான்கு கோரில் இரண்டும் கெடும். எக்ஸ்264இல் 'வெரிஃபாஸ்ட்', 'ஃபாஸ்ட்', 'மீடியம்' என்று பிரீசெட்டுகள் உண்டு. ஒவ்வொரு படி மெதுவாகப் போகும்போதும் படம் கொஞ்சம் தெளியும், பிராசஸர் சுமை கணிசமாக ஏறும். பட்ஜெட் கணினியில் 'வெரிஃபாஸ்ட்'டைத் தாண்டி யாரும் போக முடியாது.

இன்னொரு வழி, இதற்கென்றே சிலிக்கானில் செதுக்கிய தனிப்பகுதியிடம் வேலையைக் கொடுப்பது. என்விடியாவில் அதன் பெயர் என்வென்க். 2012இல் வந்த ஜிடிஎக்ஸ் 600 வரிசையில் ஆரம்பித்தது. இன்டெல்லில் குவிக் சிங்க். 2011இல் இரண்டாம் தலைமுறை கோர் பிராசஸர்களோடு வந்தது. ஏஎம்டியிலும் இதற்கு இணையானது உண்டு. இவை கேம் வரையும் பகுதியிலிருந்து தனியாக இயங்குவதால், ஸ்ட்ரீம் செய்யும்போது விளையாட்டு எஃப்பிஎஸ் இறங்குவது மிகக் குறைவு.

ஆரம்ப காலத்தில் இந்தத் தனிப்பகுதிகள் தரும் படம் கட்டம் கட்டமாக உடையும். அதனால்தான் "ஸ்ட்ரீமிங்குக்குப் பெரிய பிராசஸர் வேண்டும்" என்ற பேச்சு வேரூன்றியது. 2018இல் என்விடியா டூரிங் தலைமுறையைக் கொண்டுவந்தபோது அந்தக் கணக்கு மாறியது. ஸ்ட்ரீமிங்கில் புழங்கும் பிட்ரேட்டுகளில் டூரிங்கின் என்வென்க் தரும் எச்.264 (ஸ்ட்ரீமிங்கில் வழக்கமான சுருக்க வடிவம்) படம், எக்ஸ்264 'வெரிஃபாஸ்ட்'டை விட நன்றாகவே இருக்கிறது. அதற்குப் பிறகும் ஸ்ட்ரீமிங்குக்காகவே பன்னிரண்டு கோர் பிராசஸர் வாங்கு என்று சொல்பவர் பழைய பாடத்தை ஒப்பிக்கிறார்.

இங்கே காசே இல்லாத ஒரு வழி இருக்கிறது, அதைச் சொல்லாமல் விட்டால் தப்பு. உங்களுடையது இன்டெல் பிராசஸராகவும், மாடல் எண்ணின் கடைசியில் 'எஃப்' இல்லாமலும் இருந்தால், உள்ளே குவிக் சிங்க் இருக்கிறது. தனி கிராபிக்ஸ் கார்டு போட்டதும் பல மதர்போர்டுகள் அந்த உள் கிராபிக்ஸை அணைத்துவிடும். பயாஸுக்குள் (கணினி தொடங்கும்போது திறக்கும் மதர்போர்டு செட்டிங்) போய் அதைத் திரும்ப இயக்கி, டிரைவரையும் போட்டால், ஓபிஎஸ்ஸின் என்கோடர் பட்டியலில் குவிக் சிங்க் வந்து நிற்கும். ஆறாம் தலைமுறைக்கு முந்தையதில் பெரிதாக எதிர்பார்க்க வேண்டாம். ஐ5-12400 போன்றவற்றில் படம் என்வென்க்கோடு போட்டி போடும் அளவுக்கு இருக்கும். ஐ5-12400எஃப் வாங்கியவருக்கு மட்டும் இந்தக் கதவு சாத்தியே இருக்கும்.

கார்டு வாங்குவதில் உள்ள பொறிகள்

சரி, உள்ளே என்கோடர் இல்லை, அல்லது மிகப் பழையது. கார்டுதான் வாங்கப் போகிறீர்கள். கேம் ஓட்டும் திறனில் ஒன்றுபோலத் தெரியும் இரண்டு கார்டுகள் ஸ்ட்ரீமிங்கில் மலைக்கும் மடுவுக்குமான வித்தியாசம் காட்டும்.

மோசமான பொறி, 2022இல் வந்த ஏஎம்டி ஆர்எக்ஸ் 6500 எக்ஸ்டியும் ஆர்எக்ஸ் 6400ம். இரண்டிலும் வீடியோ என்கோடரே கிடையாது. பட்ஜெட் கார்டு என்று பார்த்து வாங்கி வந்து ஓபிஎஸ்ஸைத் திறந்தால் பட்டியலில் எக்ஸ்264 மட்டும் இருக்கும், வேலை திரும்பவும் பிராசஸர் தலையில் விழும். இந்தக் கார்டுகளுக்கு நான்கு பிசிஐ எக்ஸ்பிரஸ் லேன்கள்தான் என்பதால், பிசிஐ 3.0 மட்டுமே உள்ள பழைய போர்டில் வேகமும் குறையும். பழைய கணினிக்காரர்தான் இந்தக் கார்டை வாங்குவார், அவருக்குத்தான் இது பொருந்தாது! என்விடியா ஜிடி 1030இலும் என்வென்க் இல்லை.

அடுத்தது நுட்பமானது. 2019இல் வந்த ஜிடிஎக்ஸ் 1650 டூரிங் தலைமுறைக் கார்டுதான், ஆனால் முதலில் வந்தவற்றில் முந்தைய தலைமுறை என்வென்க்கையே வைத்தார்கள். அதே ஆண்டு பின்னால் வந்த 1650 சூப்பரில் டூரிங் என்வென்க் வந்துவிட்டது. செகண்ட் ஹேண்டில் இரண்டும் எதிரே இருந்தால் யோசிக்காமல் சூப்பரை எடுங்கள். ஒரே ஒரு நிபந்தனை, அதற்குத் தனி மின் இணைப்பு வேண்டும்.

இந்த மின் இணைப்பு விஷயத்தில் பலர் சறுக்குவார்கள். பிசிஐ ஸ்லாட் தரக்கூடியது 75 வாட். அதற்கு மேல் போனால் பவர் சப்ளையிலிருந்து ஆறு பின் அல்லது எட்டு பின் கேபிள் வர வேண்டும். ஆபீஸ் கணினியாகப் பிறந்து வீட்டுக்கு வந்த டெஸ்க்டாப்புகளில் அந்தக் கேபிள் இருக்காது. பவர் சப்ளையையே மாற்றலாம் என்றால், சிலவற்றில் இணைப்புகள் அந்த நிறுவனத்துக்கே உரியவையாக இருக்கும். பக்கவாட்டுத் தகட்டைக் கழற்றிப் பார்த்துவிட்டே கடைக்குப் போங்கள். கேபிள் இல்லாதவருக்கு 2024இல் வந்த ஆர்டிஎக்ஸ் 3050இன் 6 ஜிபி வகை ஒரு நல்ல வழி: 70 வாட்தான் எடுக்கும், என்வென்க்கும் டூரிங் தரத்தில் இருக்கும். அதே பெயரில் உள்ள 8 ஜிபி கார்டு வேறு சரக்கு, அதிக வேகம், 130 வாட்.

நல்ல பவர் சப்ளை இருப்பவருக்குத் தேர்வுகள் கூடும். ஆர்எக்ஸ் 6600 விளையாட்டில் 3050ஐ எளிதாக முந்தும். அதில் என்கோடர் உண்டு, ஆனால் எச்.264இல் ஏஎம்டியின் படம் பொதுவாக என்வென்க்குக்கு ஒரு படி கீழேதான். புல்வெளி, மழை, வேகமான கேமரா திருப்பம் என்று வரும்போது அது தெரியும். தினமும் ஆடுவேன், எப்போதாவது ஸ்ட்ரீம் செய்வேன் என்பவருக்கு 6600 சரி. ஸ்ட்ரீமிங்தான் முதல் நோக்கம் என்பவருக்கு நான் 3050ஐயோ, காசு எட்டினால் ஆர்டிஎக்ஸ் 4060ஐயோதான் சொல்வேன்.

இன்டெல் ஆர்க் ஏ380 ஒரு விசித்திரமான கார்டு. விளையாட்டில் சுமார், என்கோடரில் அதன் வகுப்பையும் தாண்டியது. ஏவி1 என்ற புதிய சுருக்க வடிவில் என்கோடு செய்யும் கார்டுகளில் முதலில் விற்பனைக்கு வந்தவற்றில் அதுவும் ஒன்று. ஆனால் ரீசைசபிள் பார் (கார்டின் நினைவகம் முழுவதையும் பிராசஸர் ஒரே வீச்சில் அணுகுவது) வசதி இல்லாத போர்டில் ஆர்க் கார்டுகள் படுத்துவிடும். பத்தாம் தலைமுறைக்கு முந்தைய இன்டெல் கணினியில் அதைப் போடாதீர்கள். பின்னால் வந்த பி580 இன்னும் வலுவானது என்றாலும், பழைய பிராசஸரோடு சேர்த்தால் தன் வேகத்தில் நல்ல பங்கை இழக்கிறது. நாம் பேசுவது பழைய கணினியைப் பற்றி என்பதால் இரண்டையும் ஒதுக்குகிறேன்.

ஏவி1 வேண்டுமா என்று கேட்பார்கள். ஆர்டிஎக்ஸ் 40, ஆர்எக்ஸ் 7000, ஆர்க் ஆகிய வரிசைகளிலும் அவற்றுக்குப் பின் வந்தவற்றிலும் அது இருக்கிறது. ஆர்டிஎக்ஸ் 30 வரிசை ஏவி1 வீடியோவைப் பார்க்க மட்டுமே உதவும், உருவாக்காது. யூடியூப்பில் ஸ்ட்ரீம் செய்பவருக்கு ஏவி1 உண்மையாகவே லாபம், குறைந்த பிட்ரேட்டில் நல்ல படம் கிடைக்கும். ட்விட்ச்சில் வழக்கமான முறையில் ஸ்ட்ரீம் செய்பவர் எச்.264இலேயே இருப்பார். ஆக, எந்தத் தளம் என்று முடிவு செய்யாமல் ஏவி1க்காகக் கூடுதல் பணம் தர வேண்டியதில்லை.

1080ஆ, 720ஆ

கார்டு மாற்றியும் படம் மங்கலாக இருக்கிறது என்று புலம்புகிறவர்களுக்காக ஒரு கணக்கு. ட்விட்ச் பரிந்துரைக்கும் உச்ச அளவு 6000 கேபிபிஎஸ். 1080பி, 60 ஃப்ரேம் என்றால் நொடிக்கு சுமார் 12.4 கோடி பிக்சல்கள். வகுத்தால் ஒரு பிக்சலுக்கு 0.05 பிட் கூடத் தேறாது. 720பி, 60 ஃப்ரேம் என்றால் 5.5 கோடி பிக்சல்கள். ஒரு பிக்சலுக்கு 0.1 பிட்டுக்கு மேல். இரண்டேகால் மடங்கு. வேகமாக ஓடும் ஷூட்டர் கேமில் 1080பி படம் சேறாகும் இடத்தில் 720பி தெளிவாக நிற்பது இதனால்தான். இரண்டுக்கும் நடுவே 1600க்கு 900 என்ற அளவும் பலருக்குக் கைகொடுக்கிறது. சதுரங்கம், சீட்டு, மெதுவான உத்தி விளையாட்டு ஆடுபவர்களுக்கு இந்தக் கவலை இல்லை; திரை பெரும்பாலும் அசையாததால் 1080பி தாராளமாகப் போகும்.

கேமை 1080இலேயே ஆடலாம், ஓபிஎஸ்ஸின் வெளியீட்டு அளவை மட்டும் குறைத்தால் போதும். இன்னொன்று: ட்விட்ச்சில் புதியவர்களுக்குப் பார்வையாளர் தரத்தைக் குறைத்துப் பார்க்கும் வசதி எப்போதும் கிடைக்கும் என்று உறுதியில்லை. அப்போது மொபைல் டேட்டாவில் பார்ப்பவருக்கு 6000 கேபிபிஎஸ் சுழன்றுகொண்டே இருக்கும். 4500இல் 720பி அவரைப் பிடித்து வைக்கும்.

எப்போது பிராசஸர்

என்கோடிங்கைத் தனிப்பகுதியிடம் கொடுத்த பிறகும் கேம் விக்கினால், பிராசஸர் பக்கம் திரும்பலாம். டாஸ்க் மேனேஜரில் கிராபிக்ஸ் கார்டு 60 சதவீதத்தில் சும்மா இருக்க, பிராசஸர் நூறைத் தொட்டுக்கொண்டிருந்தால் சந்தேகமே வேண்டாம். வாலரண்ட், கவுன்டர் ஸ்ட்ரைக் 2 போன்றவை பிராசஸரை நம்பி ஓடுபவை. கூடவே பிரவுசர், டிஸ்கார்டு, அலர்ட் விண்டோக்கள் எல்லாம் திறந்திருக்கும். நான்கு கோர், நான்கு த்ரெட் (ஒரே நேரத்தில் கையாளும் வேலை வரிசை) கொண்ட பிராசஸர் இதில் மூச்சுத் திணறும்.

இந்த இடத்தில் ஏஎம்டியின் ஏஎம்4 சாக்கெட் (போர்டில் பிராசஸர் பொருந்தும் இடம்) வைத்திருப்பவர் அதிர்ஷ்டசாலி. 2017இல் முதல் ரைசனோடு வாங்கிய பி350 போர்டிலும், அதற்குப் பின் வந்த பி450இலும், உற்பத்தியாளர் பயாஸ் அப்டேட் கொடுத்திருந்தால் ரைசன் 5 5600ஐ அப்படியே பொருத்தலாம். ஆறு கோர், பன்னிரண்டு த்ரெட். ரேம், போர்டு எதையும் மாற்ற வேண்டாம். பழைய பிராசஸர் இருக்கும்போதே பயாஸை அப்டேட் செய்துவிட வேண்டும். புதியதைப் போட்ட பிறகு நினைவு வந்தால் திரையில் ஒன்றும் வராது, எல்லாவற்றையும் கழற்றித் திரும்பப் பழையதைப் போட வேண்டியிருக்கும். ரைசன் 5 5500 அதைவிட மலிவு, ஆனால் கேஷ் நினைவகம் பாதிதான், பிசிஐயும் 3.0. விலை வித்தியாசம் சிறிதென்றால் 5600.

இன்டெல் பக்கம் அவ்வளவு தாராளம் இல்லை. ஆறு, ஏழாம் தலைமுறைக்கும் எட்டு, ஒன்பதாம் தலைமுறைக்கும் சாக்கெட்டின் பெயர் ஒன்றே, ஆனால் ஒன்றின் போர்டில் மற்றது வேலை செய்யாது. பழைய ஐ5ஐ எடுத்துவிட்டு அதே போர்டுக்கு ஐ7-7700 தேடி அலைகிறவர்களைப் பார்க்கிறேன். நான்கு கோர்தான், த்ரெட் மட்டும் எட்டாகும். செகண்ட் ஹேண்டில் அதற்கு அதிக விலை கேட்டால் விட்டுவிடுங்கள். விண்டோஸ் 10க்கான ஆதரவு 2025 அக்டோபர் 14 அன்று முடிந்துவிட்டது. ஏழாம் தலைமுறை பிராசஸர்களில் மிகப் பெரும்பாலானவை விண்டோஸ் 11இன் அதிகாரபூர்வ பட்டியலில் இல்லை. அந்த போர்டில் இனிப் போடும் பணம் அங்கேயே புதைந்துவிடும்.

ரேமைப் பற்றிச் சுருக்கமாக. 8 ஜிபியில் கேமும் ஓபிஎஸ்ஸும் பிரவுசரும் சேர்ந்து வாழ முடியாது; 16 ஜிபி வேண்டும். ஏற்கெனவே ஒரே குச்சி இருந்தால் இன்னொன்றைச் சேர்த்து டூயல் சேனலாக்குங்கள், பிராசஸரில் உள்ள கிராபிக்ஸை நம்பி ஆடுபவருக்கு இது கண்ணில் தெரியும் முன்னேற்றம். நான்கு ஸ்லாட் போர்டில் பெரும்பாலும் பிராசஸரிலிருந்து இரண்டாவது, நான்காவது ஸ்லாட்டில் போட வேண்டும். 32 ஜிபி ஸ்ட்ரீமிங்குக்குத் தேவையில்லை.

எஸ்எஸ்டி கேம் திறக்கும் நேரத்தைக் குறைக்கும், ஸ்ட்ரீமைச் சீராக்காது. ரெக்கார்டிங்குக்காக வேண்டும் என்பார்கள். 6000 கேபிபிஎஸ் என்பது நொடிக்கு முக்கால் எம்பிதான், மணிக்கு 2.7 ஜிபி. பழைய ஹார்டு டிஸ்க் தூங்கிக்கொண்டே எழுதும்.

இரண்டாவது கணினி ஒன்றை வைத்து, கேப்சர் கார்டு வழியாக அதில் என்கோடு செய்யும் ஏற்பாடும் உண்டு. நல்ல என்வென்க் வந்த பிறகு பட்ஜெட்காரருக்கு அதில் அர்த்தமில்லை. ஒலியை இரண்டு கணினிக்கும் நடுவே ஒத்துப்போக வைப்பதிலேயே மாலை போய்விடும்.

ஆக யாருக்கு எது? எட்டாம் தலைமுறை ஐ5 முதல் மேலே உள்ளவர்கள், ஆறு கோர் ரைசன் வைத்திருப்பவர்கள்: கார்டு, அப்புறம் ரேம். நான்கு கோர் ரைசனும் என்வென்க் உள்ள சுமாரான கார்டும் வைத்திருப்பவர்: 5600. ஏழாம் தலைமுறை வரையிலான இன்டெல்: போர்டு, பிராசஸர், ரேம் மூன்றையும் மாற்றும் நாள் வரும், அதுவரை அடுத்த கணினிக்கும் கூடவே வரக்கூடியதை மட்டும் வாங்குங்கள், அதாவது கார்டும் தரமான பவர் சப்ளையும்.

செகண்ட் ஹேண்ட் கார்டு என்றால், விற்பவர் இடத்திலேயே ஓபிஎஸ்ஸைத் திறந்து என்கோடர் பட்டியலைப் பாருங்கள். பெட்டியில் அச்சிட்ட பெயரை நம்ப வேண்டாம், பெயர் மாற்றிய போலிக் கார்டுகள் சுற்றுகின்றன. ஏதாவது ஒரு கேமை ஓட விட்டு, அந்த என்கோடரில் பத்து நிமிடம் ரெக்கார்டு செய்து, ஸ்டேட்ஸ் பலகத்தில் முதல் இரண்டு வரிகளும் பூஜ்யத்தை ஒட்டி நிற்கின்றனவா என்று பார்த்துவிட்டுப் பணத்தைக் கொடுங்கள். ஜிடிஎக்ஸ் 10 வரிசைக் கார்டுகள் மலிவாகக் கிடைக்கும், ஆனால் அவற்றுக்குப் புது கேம்களுக்கான டிரைவர்களை என்விடியா 2025இலேயே நிறுத்திவிட்டது. பேரம் பேசும்போது அதையும் எடுத்துச் சொல்லலாம்.